மூன்றாம் ஜன்னல்காரரின் நீலக்கொடி

பொறுமை என்னும் அருங்குணத்தைப் பிறர்க்கு ஊட்டுவதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள். தாம் ஒரு கவளமும் உண்ணாமல் அனைத்தையும் ஊருக்கே ஊட்டிவிடும் அவ்வள்ளன்மை எளிதில் வாய்ப்பதன்று. நகராட்சி அலுவலகத்தில், பிறப்புச் சான்றிதழ் வழங்கும் மூன்றாம் ஜன்னலின் பின்னே இருபத்தாறு ஆண்டுகளாக வீற்றிருக்கும் எழுத்தருக்கு அது வாய்த்தது. வந்தவர் கையில் எண் எழுதிய சீட்டொன்றைத் திணிப்பார். "பொறுங்க, கூப்பிடுறேன்" என்பார். கைக்குழந்தையின் சான்றிதழுக்கு வந்தவர்கள், அக்குழந்தை தானே நடந்துவந்து கேட்கும்வரை காத்திருந்ததும் உண்டு. 'பொறுங்க சார்' என்பது ஊர் அவருக்குச் சூட்டிய பட்டம்.

அப்பெருந்தகை, வெயிலைக் கொண்டு தாளில் நீலப்படம் அச்சிடும் கைவேலையில் இறங்கியது மகளின் பொருட்டு. வேலை கிடைத்து வெளியூர் புறப்படவிருந்த அவள், தன் ஜன்னலில் படர்ந்த கொடியைப் பார்த்து, "இதையும் எடுத்துட்டுப் போக முடிஞ்சா நல்லாருக்கும்பா" என்றாள்.

"அவ்வளவுதானே? நீலத்துல அப்படியே அச்செடுத்துத் தரேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ ரயில் ஏறுறதுக்குள்ள உன் கையில இருக்கும்."

"நீங்க தேதி சொன்னாத்தாம்பா எனக்குப் பயமே."

இந்தச் சொல் தைத்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கையாவது நாள் தவறாமல் காப்பது என்று அவர் உறுதி பூண்டார்.

வேலை எளியதே. இரண்டு உப்புகளைத் தனித்தனியே நீரில் கரைத்து, சரிபாதியாகக் கலந்து, வெயில் புகாத இடத்தில் தாளின்மேல் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் இலையை வைத்து, கண்ணாடியால் மூடி, வெயிலில் பத்து நிமிடம் விட்டுவிட்டு, நீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். அவ்வீட்டில் வெயில் புகாத இடம் குளியலறை ஒன்றே. ஆகவே அதன் ஜன்னலுக்குக் கறுப்புத்துணி கட்டப்பட்டது. துணி உலர்த்தும் கொடியில் துணிக்குப் பதிலாகத் தாள்கள் தொங்கின.

"நான் குளிக்கணும். டோக்கன் எங்க வாங்கணும்?" என்று கதவைத் தட்டினார், வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் அவர் மனைவி.

சனிக்கிழமை காலை, மொட்டைமாடியில் முதல் தாள் வெயில் கண்டது. ஒரு நிமிடம் ஆகுமுன் எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சளாய் இருந்தது. மூடினார். அரை நிமிடத்தில் மீண்டும் தூக்கினார். தூக்குந்தோறும் இலைகள் இம்மியளவு நகர்ந்தன. அலசிப் பார்த்தால், ஐந்து இலைக் கொடி பதினைந்து இலைகளோடு ஆவிபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம ஜன்னல்ல ஒரே ராத்திரியில காடு மொளச்சிடுச்சாப்பா?" என்றாள் மகள்.

"வெயில் சரியில்லம்மா" என்றார் அவர். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குறை கேளாத கதிரவனும் அன்று மூன்றாம் ஜன்னலாரின் கண்டனத்துக்கு ஆளானான். பதறிய காரியம் சிதறும் என்பதற்கு மாலைக்குள் ஏழு தாள்கள் சான்று பகர்ந்தன. மிஞ்சிய கரைசல் ஒரே தாளுக்குத்தான் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தாளை மனைவியே மாடிக்கு எடுத்துச் சென்றார். கொடியைப் பரப்பி, கண்ணாடியை வைத்து, நான்கு ஓரத்தையும் துணிக்கிளிப்பால் இறுக்கினார். கணவரை வெளியே அனுப்பி, தாமும் வந்து மாடிக்கதவைப் பூட்டினார். தைக்க வரும் துணிகளில் குத்தும் எண்சீட்டொன்றை அவர் கையில் வைத்தார்.

"பொறுங்க, கூப்பிடுறேன்."

சீட்டைப் பார்த்து எழுத்தர் திடுக்கிட்டார். "முப்பத்தேழா? எனக்கு முன்னாடி ஒருத்தரும் இல்லையே!"

"உங்க ஜன்னல்ல மட்டும் இருக்காங்களா?"

எழுத்தர் மாடிப்படியில் அமர்ந்தார். "எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"கேட்டா மொதல்லேர்ந்து எண்ணுவேன்."

தம் ஜன்னலுக்கு எதிரே கிடக்கும் மரப்பலகையும் இப்படித்தான் இடுப்பை வருத்துமோ என்னும் ஐயம், இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக அவர்க்குத் தோன்றிற்று.

பத்தாம் நிமிடம் கதவு திறந்தது. நீரில் இட்டதும் மஞ்சள் கரைந்தோடியது. வெளிறிய நீலத்தில் கொடி தெரிந்தது. "வெளுத்துப்போச்சே!" என்று அவர் அலற, "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா? காயட்டும்" என்றார் மனைவி. காயக்காய நீலம் கருத்தது. பிற்பகலில், ஆழ்கடல் போன்ற நீலத்தில் ஐந்தே இலைகள், நரம்பு தெரிய, வெள்ளை வெளேரென நின்றன. ஓரத்தில் எழுத்தரின் பெருவிரல் ரேகையும் பதிந்திருந்தது, எப்படியோ தொட்டுவிட்டிருக்கிறார்.

"கைநாட்டு வேறயா? அப்ப இது அசல்தான்" என்று சிரித்த மகள், படத்தைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

திங்கட்கிழமை மூன்றாம் ஜன்னலில் ஓர் அதிசயம். "பொறுங்க" என்றவர், சற்றுத் தயங்கி, "பத்து நிமிஷம்" என்றும் சேர்த்தார். அது இருபதாயிற்று என்பதைப் பெரிதுபடுத்தலாகாது. பெருந்துறவும் படிப்படியாகத்தான் கைகூடும்.

ஜன்னல் தோறும் கொடி தழைக்க, கதவு பூட்டத் தெரிந்த அந்தக் கை வலுத்திருக்க, வெளியூர் சென்ற மகளின் சுவரில் நீலம் நிறம் மாறாதிருக்க, அந்த மனை மங்கலம் குன்றாது நெடிது வாழ்க. இவ்வாழ்த்தேனும் காத்திருக்காமல் அவர்களைச் சேர்க!