அப்பாவுக்கு ஆர், அம்மாவுக்கு இஸ்

கண்டியில் ஒரு தனியார் கிளினிக்கில், வந்தவர்களுக்கு நம்பர் கொடுக்கும் தற்காலிக வேலை எனக்கு. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் நேர்முகப் பரீட்சை. குடும்பத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்களாம். அதற்காகவே, நாற்பதை நெருங்கும் வயதில் சனிக்கிழமை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சின்னஞ்சிறுசுகள் நடுவே கதிரையை இழுத்துப் போடவே கூச்சமாக இருந்தது.

ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர். இதென்ன பெரிய வித்தையா? தலைகீழாகக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் எழுந்து நின்று பேசியபோது வாய் பாட்டுக்கு, "மை ஃபாதர் ஆர் அட் ஹோம். மை மதர் இஸ் எ டீ ப்ளக்கர்" என்றது.

டீச்சர் தமிழிலேயே கேட்டார். "அம்மாவுக்குச் சரியாத்தானே சொன்னீங்க. அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆர்?"

"மரியாதை மிஸ். ஒருத்தர்னாலும் அப்பா வந்தாங்கன்னுதானே சொல்லுவோம்."

"அப்ப அம்மாவுக்கு?"

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டில் அப்பா வந்தாங்க, அப்பா சாப்பிட்டாங்க. அம்மா வந்துச்சு, அம்மா சாப்பிட்டுச்சு. அம்மாவிடம் நேரில் பேசினால் நீ, வா, போ. பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, "நாங்கள் அம்மாவோடயும் நீங்கள் எண்டுதான் கதைக்கிறனாங்கள், அக்கா" என்றாள். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னாள். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

முழங்கால் வலி என்று அப்பா வேலையை விட்டு வருஷக்கணக்காகிறது. வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். அதைவிட மோசமான முழங்காலோடு அம்மா இன்னும் மலையேறிக் கொழுந்து பறிக்கிறார். அந்தக் கொழுந்தில்தான் நான் படித்தேன். மரியாதையெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குப் போயிருக்கிறது. எருமைத் தோல் எனக்கு, ஒருநாளும் உறைக்கவில்லை. உறைப்பதற்கு வெள்ளைக்காரன் பாஷை வேண்டியிருந்ததே, அதுதான் வெட்கக்கேடு.

நேர்முகப் பரீட்சையில் இருவருக்கும் இஸ் போட்டேன். வேலை நிரந்தரம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். குட்ஷெட் பஸ் நிலையத்தில், நான் தங்கியிருக்கும் குண்டசாலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றபடி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். இனிமேல் அம்மாவும் 'நீங்க'தான் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? கால் வலி எப்படி இருக்கு உங்களுக்கு?"

அந்தப் பக்கம் அப்பாவின் ரேடியோதான் கேட்டது.

"கேக்குதாம்மா உங்களுக்கு?"

"கேக்குது." குரல் இறங்கியிருந்தது. "வேலை கெடைக்கலியா புள்ள? வேத்தாளுகிட்ட பேசுற மாதிரி பேசுறியே. போனாப் போவுது. அழுவாம வீட்டுக்கு வந்துரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "கெடைச்சிருச்சும்மா. நீ சாப்பிட்டியா?"

"அப்பாடா." பெருமூச்சு விட்டுச் சிரித்தார். "அப்பா இப்பத்தான் சாப்பிட்டாங்க. நான் இனிமேத்தான்."