நேர்ந்த அரிசி

தபசு காலம் நாற்பது நாளும் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி இருக்க வேண்டும் என்று அலோசியஸ் உபதேசியார் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அறிவித்தபோது மரியநாயகி சத்தமாகவே சிரித்துவிட்டாள். பின்னே என்ன! எழுபத்துநாலாம் ஆண்டு அது. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் கூப்பனுக்கு அரசாங்கம் கொடுக்கும் அரிசியும் மாவும் குறைந்து, லயத்து வரிசை வீடுகளில் சனம் மாதக்கணக்காய் ஒருவேளைக் கஞ்சிக்கே திண்டாடிக் கிடந்தது. பசி ஆண்டவர் தந்த வரம் என்று வேறு சொன்னார் மனுஷர். அவருடைய மச்சானுக்குத் தலவாக்கலையில் அரிசிக்கடை. வரத்தை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்க அவருக்கென்ன வலிக்கிறது?

ஆனால் அந்தச் சிரிப்புக்காரிக்கும் ஒரு பயம் இருந்தது. கொழுந்து பறிக்கிற கைம்பெண் அவள். முதல் இரண்டு பிள்ளைகளும் பால்குடி மறக்குமுன்னே போய்விட்டார்கள். "ஒங்கிட்ட என்னமோ பாவம் இருக்கு, அதான் ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு" என்றவர் இதே உபதேசியார்தான். மூன்றாவதாக டோரீன் பிறந்ததும், உலை வைக்குமுன் தினம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று டின்னில் போடுவதாக நேர்ந்துகொண்டாள். அதைத் தொட்டால் டோரீனும் போய்விடுவாள் என்று நம்பினாள். ஒன்பது வருஷமாக, புருஷன் செத்த அன்றும்கூட, பிடி தவறவில்லை. மாதக் கடைசியில் உபதேசியார் வந்து டின்னைக் கவிழ்த்துக்கொண்டு போவார். இந்த வருஷத்து அரிசி திருநாள் விருந்துக்காம், தோட்டத்துத் துரையும் பெரிய கிளாக்கரும் வந்து சாப்பிட. சோறு காணாமல் மெலிந்துபோனவர்கள் அல்லவா, பாவம்!

லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் ராக்காயி இருந்தாள். அவளுடைய இரண்டு வயது மகள் பட்டினியில் காலும் முகமும் வீங்கி, ஒரு நாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் கண் செருகிக் கிடந்தாள். ராக்காயி எதுவும் கேட்கவில்லை. யாரிடம் என்ன இருக்கிறது கேட்க? மரியநாயகியிடமும் அந்த டின்னைத் தவிர ஒரு மணி அரிசி இல்லை.

டின்னை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு கோபம் வந்தது. சுவரிலிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்யா, நீ என்ன கங்காணியா? ஒரு பிடி அரிசிக்கு எம் புள்ளைய எடுத்துக்குவியா? அப்படிப்பட்ட ஆளுன்னா நீ எனக்கு வேணாம், போ!"

கத்திவிட்டு அரிசியை உலையில் போட்டாள். அந்தக் கஞ்சியில் ராக்காயி மகள் கண் திறந்தாள்.

அதே வாரம் டோரீனுக்குக் காய்ச்சல் கண்டது.

டின்னுக்கு வந்த உபதேசியார் அது காலியாக இருப்பதையும் பாயில் கிடந்த பிள்ளையையும் பார்த்தார். மனுஷருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "பாத்தியா? கோயில்ல எல்லாருக்கும் முன்னால முழந்தாள்ல நின்னு மன்னிப்புக் கேளு. இனிமே ரெண்டு பிடியா நேர்ந்துக்க. இல்லேன்னா இதுவும் போயிரும்."

மரியநாயகி பாயில் கிடந்த டோரீனைப் பார்த்தாள். சரியென்று சொல்ல வாய் திறந்தாள். அப்போது பக்கத்துக் காம்பராவில் ராக்காயி மகள் கஞ்சி கேட்டு வீறிட்டு அழுதாள். நேற்றுவரை அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளை.

"கேக்குதா உபதேசியாரே? இதுக்கா ஆண்டவரு கோவிச்சுக்குவாரு? எம் டோரீன் பொழைச்சா அவரு குடுத்தது. போனாலும் அவரு மடிக்குத்தான் போவா. எம் மத்த ரெண்டும் அங்கதான் இருக்கு. நீங்க கெளம்புங்க, திருநாளுக்கு வேற எடத்துல அரிசி பாத்துக்கங்க."

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தம்முடைய செபம்தான் என்று உபதேசியார் பீற்றிக்கொண்டு திரிந்தார், பீற்றட்டும். காய்ச்சல் விடட்டும் என்று மரியநாயகி காத்திருக்கவில்லை. அவர் முணுமுணுத்துக்கொண்டு வாசல் இறங்கிய அன்றே, கொதிக்கிற பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டபடி, செத்த பிள்ளைகள் இரண்டின் பெயரையும் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள்.

"றோலண்டு, இக்னேசி, ஒங்க ஆத்தா பாவத்துக்கு நீங்க சாகலடா" என்று ஓவென்று அழுதாள்.