பன்னிரண்டாயிரம் சுற்று

மிஷின் ஷாப்புக்குள் நுழைந்ததும் ரூபா காதுக் கருவியைக் கழற்றிவிடுவாள். அந்த இரைச்சலில் அது கரகரப்பதைத் தவிர வேறெதற்கும் உதவாது. ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் இடது காதை முழுசாகவும் வலது காதில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. பாகலூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் டிப்ளமோ முடித்து வந்தவளை முதல் நேர்காணலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

"வெட்டுற சத்தத்தைக் கேட்டுத்தாம்மா மில்லிங் மிஷின் ஓட்டணும். வெட்டுற டூல் அதிர ஆரம்பிச்சா கீச்சுனு கத்தும். உனக்குக் கேக்கலைன்னா பீஸும் போயிடும், டூலும் போயிடும்."

நேர்காணல் எடுத்தவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

ஓசூரில் வேறொரு கம்பெனி அவளை டூல் ஸ்டோரில் வைத்துக்கொண்டது. நான்கு வருஷம். உடைந்து திரும்பும் டூல்களைத் தனியே எடுத்து வைத்து, எந்த மிஷின், எந்த வேகம் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். அலமாரியில் பிரிக்காமலே கிடந்த ஒரு பெட்டியை ஒருநாள் திறந்தாள். உள்ளே சென்சார் பொருத்திய சின்னச் சுத்தியல். டூலின் நுனியில் ஒரு தட்டு தட்டினால், அது எப்படி அதிர்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடாக வரும். அந்தக் கோட்டை வைத்து, எந்த வேகத்தில் டூல் கத்தும், எந்த வேகத்தில் அமைதியாக வெட்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். காதே தேவையில்லை. அன்று மதியம் அவள் சாப்பிடப் போகவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது, அதே கம்பெனியில் புரோசஸ் இன்ஜினியர்; எந்தப் பாகத்தை எந்த வேகத்தில் வெட்டுவது என்று சொல்வது அவள் வேலை. அந்த வியாழக்கிழமை காலையில், மிஷின் முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ரூபா, இருபது வருஷமாக மில்லிங் ஓட்டும் ஆபரேட்டர் சம்பங்கி, புரொடக்‌ஷன் மேனேஜர் ஆனந்த். விமானத்தில் பொருத்தும் அலுமினிய பாகம் அது. கட்டியைக் குடைந்து குடைந்து, கடைசியில் மெல்லிய சுவர்தான் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய ஐந்து கட்டிகளில் இரண்டு கெட்டுப்போயிருந்தன. மீதி மூன்றும் நல்லபடியாக வந்தே ஆக வேண்டும். முதல் பாகத்தைப் பார்க்க பெங்களூரிலிருந்து நாலு மணிக்கு ஆள் வருகிறார்.

"நிமிஷத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு சுத்துல கத்துச்சு. ஒன்பதாயிரத்துக்கு இறக்கினேன், அப்பவும் விடல. இன்னும் இறக்கிப் பாக்கலாம் மேடம்" என்றார் சம்பங்கி, அவள் வலது காதருகே குனிந்து.

"ஏத்துங்கண்ணா. பன்னிரண்டாயிரம்."

"வத்து மேடம்!" வேண்டாம் என்பது தெலுங்கில்தான் வந்தது அவருக்கு.

ஆனந்த் அவளைப் பார்த்தார். "இது போச்சுன்னா இதுக்குப் பதிலா வேற கட்டி கிடையாது ரூபா."

"தெரியும் சார். டூலைத் தட்டிப் பாத்துட்டேன். ஏத்துனா அடங்கிடும்."

ஏற்றினார்கள். அடங்கத்தான் செய்தது. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனில் யாரிடமோ சிரித்துப் பேசினார்.

சுவர்ப் பக்கம் வெட்டத் தொடங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. இருபது நிமிஷம் போயிருக்கும். சம்பங்கியின் தாடை சட்டென்று இறுகியதை ரூபா பார்த்தாள். அவர் கை சிவப்புப் பொத்தானை அறைந்தது. அவளுக்கு எதுவுமே கேட்டிருக்கவில்லை.

"கத்துதா?"

"சுவத்துப் பக்கம்."

கதவைத் திறந்தாள். சுவர் நெடுக மீன் செதில் போல வரிவரியாக இருந்தது. ஆனந்த் கத்துவது உதட்டசைவில் தெரிந்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அது தடித்த கட்டி. வெட்ட வெட்ட மெலிந்து, இப்போது தகடு மாதிரி நிற்கிறது. டூல் நிலையாகத்தான் இருக்கிறது. ஆடுவது சுவர்.

"தப்பு என்னோடது சார். டூலை மட்டும்தான் தட்டினேன். சுவத்தைத் தட்டலை."

"இப்ப என்ன பண்றது?"

"பீஸைக் கழட்டாதீங்க. எடம் மாறுனா எல்லாம் போச்சு."

வரிகளின் ஆழத்தை அளந்தாள். கடைசியாகச் சீராக்கும் வெட்டுக்காக விட்டிருந்த கனத்துக்குள்தான் இருந்தது; இன்னும் ஒரு தடவை கத்தினால் இராது. மெழுகு வைத்துச் சுவரில் சென்சாரை ஒட்டினாள். அவசரத்தில் சுத்தியல் ஒரே தட்டில் இரண்டு முறை பட்டது. அந்தக் கோடு செல்லாது. மறுபடியும் தவறியது. மூன்றாவது முறை சரியாக விழுந்தது. மணி ஒன்று ஐம்பது.

"பத்தாயிரத்து ஐந்நூறு. ஆழத்தைப் பாதியாக் குறைங்க."

"அப்பவே இறக்கலாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. எவ்வளவுன்னு சொல்லலியே அண்ணா."

சம்பங்கி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. "சுவரு இன்னும் மெலியும்போது கணக்கு மறுபடி மாறும். எங்க மாறுதுன்னு எனக்குக் கேக்காது. நீங்கதான் கேக்கணும். லேசா சந்தேகம் வந்தாக்கூட கையைத் தூக்குங்க."

மிஷின் ஓடத் தொடங்கியது. ரூபா டூலைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. சம்பங்கியின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை அது அசைந்தபோது உயிரே போய் வந்தது, மூக்கைச் சொறிந்துகொண்டார். மூன்று மணிக்குச் சற்று முன் கை நிஜமாகவே உயர்ந்தது. நிறுத்தி, தட்டி, வேகத்தை இன்னும் அறுநூறு இறக்கினார்கள். அதன்பின் கை உயரவில்லை.

கடைசி வெட்டு வரிகளைத் துடைத்துக்கொண்டு போனபோது நாலாக ஐந்து நிமிஷம். பெங்களூர்க்காரர் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி நாலரைக்கு வந்தார். முக்கால் மணி நேரம் அளந்தார். ஓரிடத்தில் சுவர் அனுமதித்த எல்லையை ஒட்டி மெலிந்திருந்தது. அங்கே மட்டும் மூன்று தடவை அளந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மீதி இரண்டு கட்டிகளையும் ஓட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு முறை நிறுத்தித் தட்டச் சொன்னாள் ரூபா. நேரம் இரட்டிப்பாகிறது என்று ஆனந்த் முனகினார். அவள் ஒரு நிறுத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. இரண்டும் தேறின. சனிக்கிழமை, வியாழன் நடந்ததைப் பற்றி ஆனந்த் தொடங்கி வைத்திருந்த அறிக்கையை எழுதி முடிக்க உட்கார்ந்தாள். 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் 'மெல்லிய சுவர்' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, 'சுவரைச் சோதிக்காமல் வேகம் சொன்னது நான்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.