ஹட் பே ஜெட்டியில் ஒரு வர்க்கமூலம்

பத்தாவதோடு படிப்பை விட்ட நானும் என் நாத்தனாரும் முப்பது வயதைத் தாண்டியபின் ஓப்பன் ஸ்கூலில் ப்ளஸ் டூ சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் கணக்கு பிடிக்கும். கலப்பெண் பாடம் வரும்வரை பிடித்தது.

எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினாலும் மைனஸ் வராது என்றுதான் பள்ளியில் படித்திருந்தோம். இந்தப் புத்தகமோ, ஐ என்று ஓர் எண் உண்டு, அதன் வர்க்கம் மைனஸ் ஒன்று என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டது. இல்லாத எண்ணுக்கு எதற்குப் பாடம் என்று நாத்தனார் கோபித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே திறக்கவில்லை.

பரீட்சைக்காக போர்ட் பிளேர் கிளம்பிய அன்று எங்கள் தீவின் ஹட் பே ஜெட்டியில் கப்பல் தாமதம். பொழுது போகாமல் நான் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தேன். மூன்றை மைனஸ் ஒன்றால் பெருக்கினால் அது எண்கோட்டில் பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. நாம் அப்படியே பின்னால் திரும்பி நிற்கிற மாதிரிதானே என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். கடலைப் பார்த்து நின்று இடப்பக்கம் திரும்பினாள். இன்னொரு முறை இடப்பக்கம் திரும்பினாள். இப்போது கடல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"மதினி, ரெண்டு தடவ திரும்புனா மைனஸ் ஒண்ணு. மத்லப், அதாவது, ஒரு தடவ திரும்புறதுதான் ஐ."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஐ கோட்டின் மேல் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. கோட்டிலேயே தேடினால் எப்படிக் கிடைக்கும்? மூன்று கூட்டல் இரண்டு ஐ என்றால் முன்னால் மூன்று அடி, இடப்பக்கம் இரண்டு அடி. இருவரும் நடந்து பார்த்தோம். வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று ஹிந்தியில் விசாரித்தார்.

"நஹி பாய்சாப், மில் கயா," என்றாள் நாத்தனார். கிடைத்துவிட்டதாம்.

கப்பலில் இடம் பிடித்ததும், முன்பு விடையே இல்லை என்று ஒதுக்கியிருந்த ஒரு சமன்பாட்டைப் போட்டோம். x² + 4x + 13 = 0. மைனஸ் இரண்டு கூட்டல் மூன்று ஐ, மைனஸ் இரண்டு கழித்தல் மூன்று ஐ என்று இரண்டு விடைகள் வந்தன. சிக்னல் போவதற்குள் அவள் தன் அண்ணனுக்கு, அதாவது என் கணவருக்கு, ஃபோன் செய்து இரண்டையும் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரெண்டு பேரும் சாப்பிட்டீர்களா என்றார்.

கணக்கில் இருவருமே தேறினோம். அவளுக்குத்தான் என்னைவிட மார்க் அதிகம்.