நான் விட்டுவிட்ட கடைசி வரி

எழுபதுகளின் தொடக்கம், பங்குனி மாதம். தூத்துக்குடியில், முத்துப் படுகைகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதும் ஒரு சின்ன அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போயிருக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று சொல்லி வேலை வாங்கியவன் நான். அதனால் ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் என் மேசையில்தான் வந்து விழும்.

அந்த வருடம் எங்களுக்கு இரண்டு பழைய காற்று சிலிண்டர்கள் கிடைத்தன. முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கினால் கடலுக்கு அடியில் மூச்சு விடலாம். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் மட்டும் அவற்றில் இல்லை. கூடவே, முன்பு அவற்றை வைத்திருந்த யாரோ ஒரு அமெரிக்கர் தட்டச்சு செய்த எட்டுப் பக்கக் குறிப்பு. அதைத் தமிழில் எழுதி, மூழ்குகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை.

ஏழு பக்கம் சிரமமில்லாமல் முடிந்தது. எட்டாவதில் ஓர் அட்டவணை, இத்தனை ஆழத்துக்கு இத்தனை நிமிடம் காற்று வரும் என்று. ஏழு பாகம், அதாவது சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நாற்பது நிமிடம். அதற்கு அடியில் ஒரே ஒரு வரி: இவையெல்லாம் 'பால்பார்க்' எண்கள். அலுவலக அகராதியைப் புரட்டினேன். பந்து விளையாடும் மைதானம் என்று போட்டிருந்தது. கடலுக்கு அடியில் என்ன மைதானம்? அடுத்த அறையில்தான் அதிகாரி இருந்தார், எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். ஆங்கிலம் தெரிந்தவன் என்ற பேர் போய்விடுமே என்று அந்த வரியை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எழுந்து நடக்கவும் அலுப்பாக இருந்தது.

சோதனைக்கு இறங்க ஒப்புக்கொண்டவருக்கு என் வயதுதான் இருக்கும். வழக்கமாக மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுப்பவர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவரின் இடுப்புக் கயிற்றை அவருடைய மச்சான்தான் படகிலிருந்து பிடிக்க வேண்டும். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான் என்ற நம்பிக்கை. சிலிண்டர் வந்த பிறகும் மச்சான் கயிற்றை விடவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

படகு ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மூலையில் சுருண்டு கிடந்தேன். அங்கே ஆழம் ஏழு பாகம். கையில் கடிகாரம், மடியில் அட்டவணை. இருபத்தொன்பதாவது நிமிடம் மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"சார், கயிறு அசையல. எப்பவும் நடுநடுவுல ஒரு இழுப்பு இழுப்பான்."

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு. இப்பத் தூக்கினா சோதனை வீணாப் போயிரும்" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"ஒங்க வாட்ச்சு இங்கன இருக்கு. எம் மச்சான் அங்கன கெடக்கான். கைய விடுங்க."

தட்டிவிட்டு இழுக்க ஆரம்பித்தார். வாய்க்குழாய் கழன்று, முகம் நீலம் பாரித்து மூழ்கியவர் மேலே வந்தார். படகில் இருந்தவர்கள் அவரைக் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினார்கள். தண்ணீராகக் கக்கினார். வெகு நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"காத்து நின்னு போச்சு. சிலிண்டரு முதுகுல கெடந்ததுல கயிறு அதுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு கைக்கு எட்டல, மூச்சு முட்டி நீந்தி ஏறவும் முடியல."

கரைக்குத் திரும்பும்போது மச்சான் என்னிடம் கேட்டார்: "நாப்பதுன்னுதான சார் போட்டிருக்கு? வேற ஒண்ணும் எழுதலியா?"

"இல்ல" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

மறுநாள் காலை அந்த வரியை அதிகாரியிடம் காட்டினேன். அவர் தலை நிமிராமலே, "தோராயம்னு அர்த்தம்வே. அமெரிக்காக்காரன் பேச்சுவழக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். இவ்வளவுதான். கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அந்தச் சங்கு எடுப்பவர் குடும்பம் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், இருமல் நிற்கவில்லை. மச்சானும் இருந்தார். மச்சானின் தங்கை, அவர் மனைவி, என் முன்னால் காப்பி கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வரியை விட்டதையும், பொய் சொன்னதையும். மச்சான்தான் பேசினார்.

"தெரியலன்னு ஒரு வார்த்த எழுதிருந்தா, நாங்க பாத்து எறங்கிருப்போம் சார். பழகாத கடல்ல அப்படித்தான் எறங்குதோம்."

அவர் தங்கை, நான் இன்னும் தொடாமல் வைத்திருந்த காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகும் முப்பது வருடம் இதே வேலைதான் பார்த்தேன். பம்புகள், வலைகள், குளிர்பதன இயந்திரங்கள் என்று எத்தனையோ குறிப்புகள், கண்ணும் முதுகும் போனதுதான் மிச்சம். புரியாத இடம் வந்தால் ஓரத்தில் 'இது எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிவிடுவேன். அதைப் பார்த்துச் சிரித்த அதிகாரிகள் உண்டு. அதை எழுதக் கை கூசும் ஒவ்வொரு முறையும், குடிக்காமல் திரும்பிப் போன அந்தக் காப்பி நினைவுக்கு வரும். எழுதிவிடுவேன்.