ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்

வசந்தாமணிக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. 1988இல் நாமக்கல்லில் காளியண்ணன் தன் லாரி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, சேலத்தில் ஆறு மாதம் அதைப் படித்துவிட்டு வந்தவள் என்று அவளை வேலைக்கு வைத்தார். குளிரூட்டிய அறையில் பெரிய பெட்டி ஒன்று. அதிலிருந்து வயர் இழுத்து வெளியே நான்கு குமாஸ்தாக்களின் மேசைகளில் நான்கு திரைகள். வண்டி நம்பரும் போகிற ஊரும் தட்டினால் டிரிப் ஷீட் அச்சாகி வரும். அது கையில் இல்லாமல் எந்த லாரியும் கிளம்பக் கூடாது.

வாரத்தில் மூன்று நாளாவது பெட்டி படுத்துக்கொண்டது. நான்கு திரையும் அப்படியே உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் பதில் இல்லை. அவள் அணைத்துப் போடுவாள். உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு அது எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை டிரைவர்கள் பெட்டியையா முறைப்பார்கள்? அவளைத்தான்.

"பொட்டி ராகு காலத்துலதான் நிக்குது சாமி. ராகு முடிஞ்சா தானா எந்திரிச்சுக்குதுல்ல?" என்றார் காளியண்ணன்.

அவள் பதினோரு நாள் நேரம் குறித்துப் பார்த்தாள். திங்கள் ஏழரை, செவ்வாய் மூன்று, புதன் பன்னிரண்டு. மனிதர் சொன்னது அச்சு அசலாகச் சரி! படித்துவிட்டு இதை நம்பப் பார்த்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. பன்னிரண்டாம் நாள் குளிரறையை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தாள். ராகு காலத்தில் வண்டி எடுக்க எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ள மாட்டான். அதனால் அதுவரை டீக்கடையில் கதை பேசியவர்கள், ராகு பிறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது இருபது பேராக வந்து விழுந்தார்கள். நான்கு குமாஸ்தாக்களும் ஒரே நேரத்தில் தட்டினார்கள். சீட்டு வரத் தாமதித்ததும் அதே பொத்தானை ஐந்தாறு முறை குத்தினார்கள். ஒவ்வொரு குத்தும் பெட்டிக்குப் புது வேலை. மூச்சு முட்டி நின்றுவிட்டது.

அவள் சொல்ல வாயெடுத்தாள். காளியண்ணன் கேட்கவில்லை. "புதங்கெழம சேலத்துக்காரரு வந்து புதுசா என்னமோ போடறாராம். அதுக்கப்பறமும் நின்னா பொட்டியத் திருப்பிக் குடுத்துருவேன். பொட்டி இல்லாத ஆபீசுல உனக்கென்ன சாமி வேல?"

பெட்டி விற்ற சேலத்துக் கம்பெனியின் மெக்கானிக் சண்முகவேல் புதன்கிழமை இருபத்திரண்டு பிளாப்பிகளோடு வந்தார். அவள் பார்த்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரே சமயத்துல இத்தனை வேலையத் தாங்காதும்மா. இதுல இருக்கற புதுசு வரிசையில நிறுத்தி ஒண்ணொண்ணா முடிக்கும்" என்றார். ஆனால் அவர் வந்தது பன்னிரண்டு மணிக்கு. ஒன்றரை வரை பெட்டியில் கை வைக்கவே காளியண்ணன் விடவில்லை. வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒவ்வொரு பிளாப்பியாகப் போட்டு எடுத்ததில், பதினேழாவது மூன்று முறை அடம்பிடித்து நான்காம் முறைதான் வழிக்கு வந்தது. பழைய விவரங்களை மறுபடி ஏற்றி முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது.

மறுநாள் வியாழன். ஒன்று இருபதுக்குக் கூட்டம் வந்து மோதியது. குமாஸ்தாக்கள் வழக்கம்போலக் குத்தினார்கள். திரைகள் அசையவில்லை. "செத்துச்சுடா!" என்றான் ஒரு டிரைவர். இன்றோடு வேலை போயிற்று என்றே வசந்தாமணி நினைத்துவிட்டாள். பிரிண்டர் கிரீச்சென்றது. ஒரு சீட்டு, இன்னொன்று, பிறகு நிற்காமல். ஒன்று இருபத்தெட்டுக்குக் கடைசி லாரியும் வாசலைத் தாண்டியது.

காளியண்ணனுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியா? நேத்து ராகு கழிச்சு நல்ல நேரத்துல கை வெச்சோம்ல!"

அவளால் பொறுக்க முடியவில்லை. "நேரமில்லீங்க! பொட்டிய நிறுத்தினது ராகு இல்லீங்க, நாமதானுங்க! நாள் பூரா சும்மா இருந்துட்டுப் பத்து நிமிசத்துல அத்தன பேரும் மேல ஏறி உளுந்தா எதுதானுங்க தாங்கும்?"

முதலாளியிடம் அப்படி யாரும் பேசியதில்லை. காளியண்ணன் அவளைப் பார்த்தார், எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளி. பத்தரைக்கு ராகு. டிரைவருங்களையெல்லாம் எட்டு மணியிலிருந்தே நாலு நாலு பேரா வரச் சொல்லிப்போடறேன். நீ ஏழரைக்கு வந்துரு சாமி."