பேப்பர் காஞ்சிருக்கா அண்ணாச்சி?

போன வியாழக்கிழமை காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நம் பள்ளியில் கணக்கு எடுத்த டீச்சர்தான். "ஏளா, நம்ம ஜெபராஜ் சார் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குன்னாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." தோசை கருகியதை நான் கவனிக்கவில்லை. கூடத்தில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எந்த ஜெபராஜ்?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஜெபராஜ்தான்.

சார் வேதியியல், நான் தமிழ். ஆசிரியர் அறையில் நாங்கள் போட்ட சண்டைகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்து நாற்றம் என் வகுப்புக்குள் வருகிறது என்று தலைமையாசிரியரிடம் புகார் சொன்னவளே நான்தான். அதே ஆய்வகத்தில் ஒருநாள் ஒரு பிள்ளை கண்ணாடிக் குழாயைக் கீழே போட்டு உடைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். "உடைஞ்சது கெடக்கட்டும், கையக் காட்டுளா" என்றார் சார். அன்றிலிருந்து புகார் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன். நிறுத்திவிடவில்லை.

நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் தளர்ந்தது. கைத்தடியோடு மெல்ல நடக்கத் தொடங்கிய சமயத்தில், விரிசல் விட்ட வாஷ்பேசினை எடுத்துவிட்டுப் புதிது மாட்டினோம். மறுநாளே அடியில் சொட்டத் தொடங்கியது. அந்த ஈரத்தில் அவர் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தைரியம் போய்விட்டது. அப்புறம் நான் பிடிக்காமல் குளியலறைக்குப் போகமாட்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன், பல் தேய்க்க என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைவிட அவருக்குத்தான் அது வேதனை.

மாட்டிய பிளம்பர் இரண்டு முறை வந்து இறுக்கினார். சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களும் சும்மா போகவில்லை. ஆமென் சொன்ன கையோடு, "எங்க ஒழுகுது, பாப்பம்" என்று உள்ளே போய் ஆளுக்கொரு திருகு திருகினார்கள். அவர்கள் போனதும் என் பங்குக்கு நானும் ஒன்று. சொட்டு போய் ஒழுக்கு வந்தது.

கேள்விப்பட்டு சார் வந்தார். முதலில் சொட்டு நீலம் கேட்டார். துணி துவைக்கவா வந்தீர்கள் என்று கேட்டேன். பேசினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தார். பேசினை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, நீலத்தை ஊற்றி, அடைப்பை எடுத்தார். தாளில் நீலமாகச் சொட்டியது. "குழாய்த் தண்ணி இல்ல, பேசின் தண்ணிதான்" என்றவர், அடி நட்டை இறுக்காமல் முழுவதும் கழற்றினார். உள்ளிருந்த ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழிந்து வந்தது.

"எத்தன பேரு டீச்சர் கை வச்சிய?"

விரல் விட்டுச் சொன்னேன். ஏழு பேர்.

"நல்லா இருந்த வாஷர இறுக்கியே கொன்னுட்டிய. கையால இறுக்கிட்டு, அதுக்கு மேல கால்வாசித் திருகு போதும்."

புது வாஷர் போட்டு மாட்டினார். மறுபடி நீலம் ஊற்றினோம். தாள் நனையவில்லை. அத்தோடு போகாமல், இன்னொரு தாளை விரித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் வந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, தெனமும் காலைல நீங்கதான் இதப் பாத்து எனக்குப் போன் பண்ணணும். டீச்சர நம்ப முடியாது, மறுபடி திருகிருவாவ."

முதல் நாள் நான் பிடித்துக்கொண்டுதான் போனார். மறுநாளும் அப்படியே. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, நான் அடுப்படியில் நின்றேன். குளியலறையிலிருந்து அவர் குரல் கேட்டது: "காஞ்சிருக்கு சார்." போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பிடித்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்தும் சார் காலையில், "பேப்பர் காஞ்சிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வாங்கி, நீங்கள் செய்த வேலையில் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா என்று சீண்டினேன். "ஒழுக்கு அன்னைக்கே நின்னுட்டு டீச்சர். அதுக்காகவா நான் போன் எடுக்கேன்?" என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட வந்த வாய்க்கு அது வரவில்லை. அதனால்தான் சார், இதை எழுதுகிறேன்.

அடக்கத்தன்று சபைக் கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் வழக்கம்போல் கையை நீட்டினேன். "நீ இங்கனயே நில்லு. நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார் என் வீட்டுக்காரர். கூட்டம் வழிவிட்டது. ஒவ்வோர் அடியாக வைத்துப் போய், பெட்டியின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. போகவில்லை. அவர் நடப்பதைத் தள்ளி நின்று பார்க்கிற தைரியம் ஒன்று எனக்குள் இருக்கிறது. அது சார் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.